நியூட்ரலில் வைத்த ஐடில் டி-யில் நிற்காது

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் சொல்லும் புகார் இரண்டே வகைதான். "நின்னா ஆஃப் ஆகுதுங்க" என்பது ஒன்று. "பிரேக்கை விட்டா தானா ஓடுதுங்க" என்பது இன்னொன்று. முதல் புகாரோடு உள்ளே போகிற வண்டி பெரும்பாலும் இரண்டாவது புகாரோடு வெளியே வரும். என் மாமனாருடைய மாருதி ஜென்னும் அப்படித்தான் வந்தது.

மாமாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. தோப்பு ஆனைமலைப் பக்கம், தேங்காய்க் கணக்கெல்லாம் பொள்ளாச்சியில். டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்கமாட்டார். அதனால் செகண்ட் ஹேண்டில் தேடிப் பிடித்து வாங்கிய வண்டி இது. பெட்ரோலைக் காற்றோடு கலக்க கார்புரேட்டர் இருந்த காலத்து ஜென், 993 சிசி அலுமினிய இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜின் சிறியது, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி அதன் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் ட்யூனிங்கில் கொஞ்சம் தவறினாலும் உடனே காட்டிக்கொடுக்கும்.

ரயில்வே கேட்டில் கியர் லீவரை டி-யில், அதாவது முன்னால் ஓட்டும் டிரைவ் நிலையில் போட்டுப் பிரேக் மிதித்து நின்றால் வண்டி நடுங்கும். ஏசி போட்டிருந்தால் அணைந்தே விடும். பட்டறையில் ஐடிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, அதற்கான ஸ்க்ரூவைத் திருப்பி ஏற்றிக் கொடுத்தார்கள். அணைவது நின்றது. அதற்குப் பதிலாக, டி-யில் போட்டதும் "டொக்" என்று ஒரு இடி, பிரேக்கைத் தளர்த்தினால் வெசையாக முன்னால் பாய்வது, சாவியை எடுத்த பிறகும் இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நிற்பது என்று புதுக் கணக்குத் தொடங்கியது. "ஏங்கண்ணு, வண்டி என்னைய இழுத்துட்டுப் போகுதா, நான் வண்டிய ஓட்டறனா?" என்று மாமா கேட்டார்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். மோட்டாரைச் சும்மா சுற்றவிட்டு எடுப்பது நோ-லோடு ரீடிங், தண்ணீரைத் தள்ளவிட்டு எடுப்பது லோடு ரீடிங். நோ-லோடை மட்டும் பார்த்து மோட்டாரை பாஸ் பண்ணினால் எங்கள் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது. ஆட்டோமேட்டிக் காரின் ஐடில் ஒரு லோடு ரீடிங். அதை நோ-லோடில் வைத்து அனுப்புவதுதான் பட்டறைகளில் நடக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களிடம் வரும் பழைய வண்டிகளெல்லாம் கியர் வண்டி. அதில் நிற்கும்போது ஒன்று நியூட்ரலில் இருக்கும், இல்லை கிளட்ச் மிதித்திருக்கும். எப்படியும் இன்ஜினுக்குச் சுமை இல்லை.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் பெடல் கிடையாது, இடையில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்ஜின் பக்கத்துச் சக்கரம் எண்ணெயை வீசும், அந்த எண்ணெய் கியர்பெட்டிப் பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளும். நியூட்ரலில் இரண்டும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும், பாரம் இல்லை. டி-யில் போட்டுப் பிரேக் மிதித்தால் கியர்பெட்டிப் பக்கம் சுற்ற முடியாமல் நின்றுவிடும். கெட்டித் தயிரில் இறக்கிய மத்து மாதிரி இன்ஜின் அந்த எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் டி-யில் போட்டதும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) இறங்குகிறது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினில் 100, 150 சுற்று இறங்கும். நியூட்ரலில் 850-லிருந்து 900-க்குள் இருந்தால் டி-யில் 700, 750-க்கு வந்து அமைதியாக நிற்கும். உங்கள் வண்டிக்கு பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருந்தால் அதில் உள்ள எண்தான் சரி, என் எண் அல்ல.

ஐடில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கம்பெனியில் பயன்படுத்துகிற மாதிரி லேசர் டேக்கோமீட்டர் ஒன்று என்னிடம் சொந்தமாக இருக்கிறது. கிராங்க் புல்லியில் பளபளக்கும் ஸ்டிக்கரில் ஒரு துண்டு ஒட்டி, வெளிச்சத்தைக் காட்டினால் ஆர்பிஎம் வந்துவிடும். டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டியதில்லை. பட்டறையிலிருந்து வந்த நிலையில் நியூட்ரலில் 1200, டி-யில் 900. அதாவது 300 இறங்குகிறது. அவர்கள் ஏற்றுவதற்கு முன்னால் நியூட்ரலில் 850 இருந்திருந்தால் டி-யில் 550, அதற்கும் கீழே ஏசி. அணையாமல் என்ன செய்யும்? சுமை வந்ததும் இன்ஜின் இப்படிச் சரிந்தால் இன்ஜினில்தான் ஏதோ பலவீனம். ஐடிலை ஏற்றுவது அதை மறைக்குமே தவிர தீர்க்காது.

இங்கே ஒரு விஷயத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். கார்புரேட்டரின் அடியில் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு இருக்கிறது. ஐடிலில் அது கிட்டத்தட்ட மூடியிருக்கும். தட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே வரும் பெட்ரோலைத்தான் மிக்சர் ஸ்க்ரூ கட்டுப்படுத்துகிறது. தட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இன்னும் ஒன்றிரண்டு ஓட்டைகள் உண்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் ஐடிலிலிருந்து, ஓடும்போது பெட்ரோல் ஊற்றும் மெயின் ஜெட்டுக்கு மாறும் இடைவெளியை அடைக்க. ஐடில் ஸ்க்ரூவை அதிகம் ஏற்றினால் தட்டு திறந்து, நிற்கும்போதே அந்த மேல் ஓட்டைகளிலிருந்தும் பெட்ரோல் வர ஆரம்பிக்கும். அப்புறம் மிக்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்ஜின் கண்டுகொள்ளாது. "ஐடில் ஜெட் அடைச்சிருக்கு" என்று கார்புரேட்டரை இறக்குவார்கள். ஜெட் சுத்தமாக இருக்கும். சாவியை எடுத்த பிறகும் வண்டி இருமுவது இந்தத் திறந்த தட்டால்தான் அதிகம்.

ஆகவே ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் மற்றதை எல்லாம் பார்க்க வேண்டும். பிளக், டைமிங், டேப்பட், ஏர் ஃபில்டர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா, சாவி போட்டதும் கார்புரேட்டரில் உள்ள சொலினாய்டு என்ற மின் வால்வு "டிக்" என்கிறதா என்றும் பாருங்கள். அந்தச் சத்தம் வரவில்லையென்றால் ஐடிலுக்குப் பெட்ரோலே போகாது.

நேரம் பிடிப்பது, இன்ஜின் வெடிப்பு வழியாக எங்கே காற்று இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். ஜென் மாதிரி வண்டியில் இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டுபோகும் வேக்கம் ஹோஸ்கள் ஒரு கொத்தாக ஓடும். பானட் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, ரப்பர் என்று சொல்ல முடியாத அளவுக்கு விறைத்திருக்கும். கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பது பலர் செய்கிற வழி. சூடான மேனிஃபோல்டில் அதைப் பீய்ச்சுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஒவ்வொரு ஹோஸாக மூக்குக் குறடால் துணி சுற்றி மெதுவாக நெரித்தேன். நெரித்ததும் இன்ஜின் சத்தம் மாறினால் அந்த வழியாகக் காற்று போகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸையும் விடக்கூடாது. இரண்டு ஹோஸ்கள் நுனியில் வெடித்திருந்தன. வெட்டிப் போட்டு மாற்றியதும் இறக்கம் 300-லிருந்து 220-க்கு வந்தது. இன்னும் எங்கேயோ மிச்சம் இருந்தது.

அந்த மிச்சம் த்ராட்டில் ஸ்பிண்டிலில். தட்டைத் தாங்கும் அந்தத் தண்டு, கார்புரேட்டர் உடம்பில் துளைத்த ஓட்டையில் இத்தனை வருடம் உரசி உரசி ஓட்டையை முட்டை வடிவமாக்கியிருந்தது. விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் தட்டு வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தால் ஐடில் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? வேறு ஊராக இருந்தால் கார்புரேட்டரையே மாற்றச் சொல்லியிருப்பார்கள். கோயம்புத்தூரில் லேத் இருக்கும்போது எதற்கு? ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை, பம்புக்குப் புஷ் (தண்டு உட்காரும் உள்வளையம்) போடுகிறவர்கள். அங்கிருந்த அண்ணன் கார்புரேட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க்கா, இது தொட்டா ஒடையற ஜாதியாச்சே" என்றார். உடம்பு மெல்லிய வார்ப்பு, வைஸில் இறுக்கிப் பிடித்தால் விரிசல் விடும். மரக்கட்டையில் அதற்குத் தகுந்தாற்போல் ஒரு படுக்கை செதுக்கி, அதில் உட்காரவைத்து, ரீமரைக் கையாலேயே திருப்பித் துளையை வட்டமாக்கினார். பித்தளைக் கம்பியில் புஷ் கடைந்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஸ்பிண்டிலை நுழைத்து, நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். தட்டு சத்தமில்லாமல் சுற்றி தானாக மூடிக்கொண்டது. டீ காசு மாதிரி ஒரு கூலி கேட்டார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வைக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

திரும்ப மாட்டும்போது அடி கேஸ்கட் புதிது. கார்புரேட்டரில் ஜெட்களைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தால் போதும். கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினால் ஜெட்டின் அளவு மாறிவிடும், அப்புறம் எந்த ஸ்க்ரூவும் காப்பாற்றாது.

இனி ட்யூனிங். இன்ஜின் நன்றாகச் சூடாகி, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு ஆரம்பிக்க வேண்டும். ஏசி, லைட் எல்லாம் ஆஃப். ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, தட்டை அதன் மூடிய நிலைக்கு அருகே கொண்டுவந்தேன். மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே மெதுவாக, தொட்டது தெரியும் வரை மட்டும் திருப்பி, அங்கிருந்து இரண்டு சுற்று வெளியே. இறுக்கித் திருப்பினால் அதன் ஊசி முனையில் வரி விழுந்துவிடும். பிறகு கால் சுற்று, கால் சுற்றாக. உள்ளே போகப் போக இன்ஜின் தடுமாறும், வெளியே வரவர சத்தம் சீராகி ஆர்பிஎம் ஏறும், இன்னும் வெளியே வந்தால் சத்தம் கனத்து, கொழகொழவென்று ஓடும். உச்சத்தைப் பிடித்து, ஐடில் ஸ்க்ரூவால் ஆர்பிஎம்மை இறக்கி, மறுபடி மிக்சரில் உச்சத்தைத் தேட வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று மாறும் என்பதால் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் பார்க்க முடியும். கடைசியில் உச்சத்திலிருந்து ஒரு 30 சுற்று இறங்கும் அளவுக்கு மிக்சரை உள்ளே திருப்பி விட்டேன்.

இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் இருந்தால் வேலை சுலபம். நல்ல இன்ஜினில் ஐடிலில் 17-லிருந்து 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் என்று கையேடுகளில் இருக்கும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறையும், பொள்ளாச்சி கிட்டத்தட்ட ஆயிரம் அடி. முள் எங்கே நிற்கிறது என்பதைவிட ஆடாமல் நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது இதற்கப்புறம்தான். நியூட்ரலில் இவ்வளவும் முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாமாவை சீட்டில் உட்காரவைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னால் செங்கல் வைத்தேன். ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், இழுப்பதோ முன் சக்கரம். "சித்த பிரேக்கை விடாம மிதிச்சுட்டே இருங்க மாமா, போன் வந்தாலும் எடுக்காதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். டி-யில் இருக்கும் வண்டியின் முன்னால் யாரும் நிற்கக்கூடாது. பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் உள்ளே விட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர் வண்டியைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

டி-யில் போட்டதும் 880-லிருந்து 740. இறக்கம் 140. நடுக்கம் இல்லை, இடியும் இல்லை. டி-யில் கொஞ்சம் கரகரத்ததால் மிக்சரை எட்டில் ஒரு சுற்று வெளியே விட்டேன், அடங்கியது. நியூட்ரலில் மிகச் சரியாக இருந்த மிக்சர் சுமையில் ஒரு துளி லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்திருக்கிறது. இதை நியூட்ரலில் எத்தனை நேரம் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஏசிக்குத் தனி ஐடில்-அப் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) இருக்கிறது, கம்ப்ரெஸர் பிடிக்கும்போது த்ராட்டிலைச் சற்றுத் தள்ளிக்கொடுக்க. அடிப்படை ஐடில் சரியான பிறகுதான் அதைத் தொட வேண்டும், அதுவும் டி-யில் வைத்துத்தான். த்ராட்டிலிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கேபிளையும் கடைசியில் பார்த்துவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதித்திருக்கிறது என்பதைக் கியர்பெட்டி அதன் மூலம்தான் தெரிந்துகொள்கிறது. ஐடில் ஸ்க்ரூவை நிறையத் திருப்பியிருந்தால் அதன் தளர்வு மாறியிருக்கும், கியர் மாறுவது சீக்கிரமோ தாமதமோ ஆகும். எங்கள் வண்டியில் மேல் கியர் தாமதமாக விழுந்துகொண்டிருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

காதை மட்டும் நம்பவேண்டாம் என்றால் புகைப் பரிசோதனை நிலையத்துக்குப் போங்கள். சர்டிஃபிகேட் எடுக்கும்போது குழாயைச் சைலன்சரில் வைத்தபடியே இரண்டு நிமிடம் விடச் சொன்னால் விடுவார்கள். பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகளுக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. நன்றாக ட்யூன் செய்த வண்டி ஒன்று, ஒன்றரைக்குள் இருக்கும். எங்களுடையது 1.4 காட்டியது. அந்தத் தம்பி ஸ்க்ரூடிரைவரோடு நின்ற என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

எத்தனால் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் காலத்தில் கார்புரேட்டர் பேச்சு முழுமையாகாது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வர ஆரம்பித்து, இப்போது பெட்ரோல் பங்குகளில் அதுதான் வழக்கம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். கம்ப்யூட்டர் உள்ள வண்டி அதைத் தெரிந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, பழைய அளவிலேயே ஊற்றும். அதனால் எல்லாப் பழைய வண்டியும் இன்று கொஞ்சம் லீனாகத்தான் ஓடுகிறது. மிக்சர் ஸ்க்ரூவைக் கூடுதலாக வெளியே விட்டால் ஐடிலுக்குத் தீர்வு. மெயின் ஜெட்டுக்கு அது உதவாது. பழைய ரப்பர், டயாஃப்ரம், நீடில் வால்வு நுனி எல்லாம் எத்தனாலில் ஊறிக் கெடும். நம் பக்கத்துக் கரும்பும் மக்காச்சோளமும் டேங்குக்குள் போகிறது என்று சந்தோஷப்படலாம்தான். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் எங்கள் ஒறம்பரையிடம் (சொந்தக்காரரிடம்) மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள், கோழித்தீவனச் சோளம் விற்கிற விலைக்கு அவர் எங்கள் வண்டியையும் சேர்த்துத் திட்டுவார்.

வால்பாறைக்கு ஒரு முறை போய்ப் பார்த்தோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோதே ஐடில் கொஞ்சம் கனத்திருந்தது. மேலே வால்பாறையில் டி-யில் 700-க்கும் கீழே. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு கூடி ரிச்சாகும், அது இயல்பு. மலையில் நின்று ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்தால் கீழே இறங்கியதும் லீனாகி அணையும். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே வைத்த ட்யூனிங்கை அப்படியே விடுங்கள். ஏறி முடித்துச் சூட்டோடு நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது முரண்டு பிடித்தால், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி சாவியைத் திருப்புங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் ஊற்றி மூழ்கடித்துவிடும்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். நின்ற இடத்திலிருந்து சட்டென்று மிதித்தால் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் எழுகிறது. மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்பின் டயாஃப்ரம் விறைத்திருக்கிறது. அதை மாற்றும்போது ஃப்ளோட் லெவலையும் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் மட்டம்) பார்த்துவிடலாம், அதற்குக் கார்புரேட்டரை மறுபடி இறக்க வேண்டும். தேங்காய் வெட்டு முடியட்டும், அதுவரைக்கும் வண்டியைப் பிரிக்காதே கண்ணு என்கிறார் மாமா.